கிராணியின் மேசைக்கடியில் 72 வாட்

மலேசியாவில், ஜொகூரின் கூலாய் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குக் குலைக் கணக்கு மென்பொருளை எழுதிக் கொடுத்து, இன்றுவரை நானே பராமரித்து வருகிறேன். ஆறு மண்டோர்கள், அதாவது மேற்பார்வையாளர்கள், தங்கள் பிரிவில் வெட்டி அடுக்கப்பட்ட குலைகளை எண்ணி, ஒவ்வோர் அடுக்கையும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவார்கள். அந்தப் பதிவுகள் மேகக் கணிமைச் சேவையகம் ஒன்றில் சேரும். மறுநாள் விடியற்காலை 5.30 மணிக்குள், அன்றைய பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுப்பதற்கு, தேவையான ஆள் பட்டியலும் முந்தைய நாள் குலைக் கணக்கும் அலுவலகத்தின் அச்சுப்பொறியில் தாமாகவே வெளிவந்துவிடும். கிராணி, அதாவது தோட்ட அலுவலக எழுத்தர், அதை எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போவார். அவ்வளவுதான் வேலை.

இந்தச் சிறிய வேலையின் கரிமத் தடத்தை, அதாவது இதனால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவை, அளக்கும் எண்ணம் எனக்குத் தானாக வரவில்லை. எங்கள் பக்கத்தில் கூலாய் யங் தோட்டம் இருந்த நிலத்தில் இப்போது தரவு மையப் பூங்கா இருக்கிறது. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தராமல் நிறுத்தி வைத்தபோது, கடலுக்கு இக்கரையில் நிலமும் மின்சாரமும் தண்ணீரும் இருந்த ஜொகூரை நோக்கி அந்தத் தொழில் நகர்ந்தது. பால்மரமும் செம்பனையும் நின்ற இடங்களில் சன்னலில்லாத பெரிய கட்டடங்கள் எழும்புவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் கிராணி ஒருநாள் கேட்டார்: "தம்பி, நம்ம கணக்கு சிங்கப்பூர்ல இருக்குன்னு சொன்னீங்களே. இங்கயே கொண்டாந்துட்டா கரண்டு மிச்சம்தானே?" தூரம் குறைந்தால் செலவு குறையும் என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் உடனே பதில் சொல்ல என்னிடம் எண்கள் இல்லை. அந்த எண்களைத் தேடிப்போன கதைதான் இது.

முதலில் கணக்கிடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். 2021இல் தொடங்கப்பட்ட கிரீன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, மென்பொருளின் கரிமச் செறிவைக் கணக்கிட ஒரு வரையறையை உருவாக்கியது. அது 2024இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 21031 என்ற பன்னாட்டுத் தரநிலையாகவும் ஆனது. மென்பொருள் ஓடச் செலவாகும் மின்சாரத்தை, அந்த இடத்து மின்சாரத்தின் உமிழ்வுக் காரணியால் (ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயுவின் அளவால்) பெருக்க வேண்டும். அதனுடன் கருவிகளைத் தயாரித்தபோதே உமிழப்பட்டதில் நம் பங்கைக் கூட்ட வேண்டும். மொத்தத்தை, நம் மென்பொருள் செய்யும் வேலையின் ஓர் அலகால் வகுக்க வேண்டும். மரம் நட்டோம், சான்றிதழ் வாங்கினோம் என்று சொல்லி இந்த எண்ணைக் குறைத்துக்கொள்ள அந்த வரையறை இடம் தருவதில்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது இந்தக் கண்டிப்புதான். என் அலகாக ஓர் அடுக்குப் பதிவை எடுத்துக்கொண்டேன். ஆறு மண்டோர்கள், ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 அடுக்குகள், ஆண்டுக்கு 300 வேலை நாட்கள் என்றால் 2,16,000 பதிவுகள்.

மேகக் கணிமையில் நம் பங்குக்கு எத்தனை வாட் செலவாகிறது என்பதை நேரடியாக அளக்க முடியாது. கருவி வேறு யாரோ ஒருவரின் கட்டடத்தில் இருக்கிறது, அதையும் பலரோடு பங்கிட்டுக்கொள்கிறோம். ஆகவே தாட்வொர்க்ஸ் நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்ட கிளவுட் கார்பன் ஃபுட்பிரிண்ட் கருவியின் மதிப்பீட்டு எண்களைக் கையால் எடுத்துப் பயன்படுத்தினேன். அதன்படி ஒரு மெய்நிகர் கோர் (சேவையகச் செயலியில் நமக்கென்று ஒதுக்கப்படும் ஒரு பங்கு) சும்மா இருக்கும்போது சுமார் 0.74 வாட்டும் முழுவேகத்தில் 3.5 வாட்டும் இழுக்கும். நினைவகம் ஜிகாபைட்டுக்கு 0.392 வாட். சேமிப்பு, சுழல்தட்டு என்றால் டெராபைட்டுக்கு 0.65 வாட், எஸ்எஸ்டி என்றால் 1.2 வாட். குளிரூட்டலும் மற்றவையும் சேர்த்து 1.135 மடங்கு. நினைவகம் முழுவதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்; கூடுதலாக வந்தாலும் வரட்டும் என்று.

என் முதன்மைச் சேவையகத்தில் நான்கு கோர்களும் 16 ஜிகாபைட் நினைவகமும் இருந்தன. பயன்பாட்டு வரைபடத்தைத் திறந்து பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. கோர்களின் சராசரிப் பயன்பாடு 3 விழுக்காடு. தொடங்கிய காலத்தில், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிதாக எடுத்து வைத்தது அப்படியே கிடந்திருக்கிறது. அதன் பக்கத்தில் சோதனைக்கென்று இரண்டு கோர், 8 ஜிகாபைட் கொண்ட இன்னொன்று. வாரத்தில் ஆறு மணி நேரம்கூட அதை நான் தொடுவதில்லை, ஆனால் அது இரவும் பகலும் விழித்திருந்தது. இரண்டு ஆண்டுப் படங்கள் 1.5 டெராபைட். தரவுத்தளத்தின் தினசரி முழுநகல்கள், ஒன்றுகூட அழிக்கப்படாமல் எழுநூறு, அதாவது 1.4 டெராபைட். சேமிப்பை வழங்குநர் இரண்டு மூன்று பிரதிகளாக வைத்திருப்பதையும் கணக்கில் எடுத்தால், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 23 வாட். ஆண்டுக்கு 204 யூனிட்.

கோர்களைவிட நினைவகம்தான் அதிகம் தின்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. 3 விழுக்காட்டில் தூங்கும் நான்கு கோர்களுக்கு 3.3 வாட் போகிறது. அவற்றோடு சேர்த்து நான் வாங்கிப்போட்ட 16 ஜிகாபைட் நினைவகத்துக்கோ 6.3 வாட். கோர் சும்மா இருந்தால் ஓரளவு அடங்கும். நினைவகம், அதில் எதுவும் இல்லாவிட்டாலும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிங்கப்பூர் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. 2023ஆம் ஆண்டுக்கான உமிழ்வுக் காரணி யூனிட்டுக்கு 0.412 கிலோ. ஆகவே 204 யூனிட்டுக்கு 84 கிலோ. சேவையகப் பெட்டியைத் தயாரித்ததில் என் பங்காக, பெட்டிக்கு 1,000 கிலோ, 96 கோர்கள், நான்கு ஆண்டு ஆயுள் என்று வைத்து இன்னும் 16 கிலோ. மொத்தம் 100 கிலோ. உண்மையைச் சொன்னால், இது ஒன்றும் பெரிய தொகை இல்லை. 43 லிட்டர் பெட்ரோல் எரித்தால் இவ்வளவு வரும். கூலாயிலிருந்து கோலாலம்பூருக்கு ஒருமுறை காரில் போய்வந்தால் தீர்ந்துவிடும் அளவு.

இப்போது கிராணியின் கேள்விக்கு வருகிறேன். தீபகற்ப மலேசியாவின் மின் உமிழ்வுக் காரணி, எரிசக்தி ஆணையத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, யூனிட்டுக்கு 0.774 கிலோ. எங்கள் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு அப்படி. இதே ஜொகூரில், பொந்தியான் பக்கம் தஞ்சோங் பின்னில் உள்ள நிலக்கரி நிலையத்தின் திறன் மட்டுமே 3,100 மெகாவாட். எனவே நம் கணக்கை அப்படியே இக்கரைக்குக் கொண்டுவந்தால், அதே 204 யூனிட் 84 கிலோவிலிருந்து 158 கிலோவாக உயரும். ஏறக்குறைய இரண்டு மடங்கு. மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்து வாங்கும் ஒப்பந்தங்கள் தரவு மையங்களுக்கு உண்டு, அவை வளர்ந்தும் வருகின்றன. ஆனால் நான் பின்பற்றும் வரையறை, அந்த இடத்து மின்வலையில் உண்மையில் ஓடுவதைத்தான் கேட்கிறது. கிராணியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப பக்கத்துல இருக்கிறவன் நல்லவன்னு சொல்ல முடியாதுங்கிறீங்க" என்றார். சேவையகம் சிங்கப்பூரிலேயே இருந்தது.

அதன்பின் மேகக் கணிமைப் பக்கத்தைச் சுருக்கும் வேலையில் இறங்கினேன். முதன்மைச் சேவையகத்தை இரண்டு கோர், 4 ஜிகாபைட்டாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாற்றினேன். அதற்கு முன், விடியற்காலை அறிக்கை உருவாகும்போது நினைவகம் எவ்வளவு உயர்கிறது என்று இரண்டு வாரம் குறித்து வைத்திருந்தேன். உச்சம் 2.6 ஜிகாபைட். மாற்றிய பிறகு அறிக்கை உருவாக 40 வினாடி கூடுதலாக ஆனது, யாரும் கவனிக்கவில்லை. சோதனைச் சேவையகத்தை வேண்டும்போது மட்டும் எழுப்பும்படி செய்தேன். தினசரி நகல்களில் கடைசி ஏழு நாள், நான்கு வாரம், இருபத்து நான்கு மாதம் என்று 35ஐ மட்டும் வைத்து, அவற்றையும் சுருக்கிவிட்டேன். வேலைவாய்ப்புச் சட்டம் 1955, தொழிலாளர் பதிவேட்டின் விவரங்கள் ஆறு ஆண்டுகளுக்குப் பார்வைக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. அந்த விவரங்கள் தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்கின்றன. எழுநூறு நகல்கள் அதற்குத் தேவையில்லை என்பதை மேலாளரிடம் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே அழித்தேன். அழிக்கும் வேலையில் மட்டும் ஆர்வத்தை அடக்கிக்கொள்வது நல்லது.

படங்கள்தான் இழுத்தடித்தன. கைப்பேசி எடுக்கும் படம் ஒன்று 3.5 மெகாபைட். அதை அப்படியே வாங்கி, அப்படியே வைத்திருந்தேன். முதல் முயற்சியில் அகலத்தை 800 புள்ளிகளாகக் குறைத்து, தரத்தையும் வெகுவாக இறக்கி, வெப்-பி வடிவத்தில் சுருக்கியபோது 60 கிலோபைட்டுக்கு வந்தது. மகிழ்ச்சியோடு கிராணியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். அவர் பார்ப்பது இரண்டு விஷயங்களை. குலை பழுத்ததா, செங்காயா என்பது ஒன்று. காம்பை ஒட்ட நறுக்கியிருக்கிறார்களா, நீளமாக விட்டிருக்கிறார்களா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆலையில் பிடித்தம் உண்டு, அந்தப் பிடித்தம் வெட்டியவர் தலையில் விழும். என் படத்தில் பழுத்த குலையின் செம்மஞ்சளும் செங்காயின் கருஞ்சிவப்பும் ஒன்றோடொன்று கலங்கிச் சேறு போலாகியிருந்தன. "இத வச்சி ஒருத்தன் சம்பளத்துல கை வைக்க முடியாது தம்பி" என்றார்.

அவர் சொன்னது சரி. ஒரு யூனிட் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு தொழிலாளியின் கூலியில் பிழை வந்தால், அது எந்தக் கணக்கிலும் சேராது. அகலத்தை 1,280 புள்ளிகளாக உயர்த்தி, தரத்தையும் ஏற்றி, சர்ச்சைக்குள்ளான பழைய படங்கள் இருபதைத் தேர்ந்தெடுத்து, எது மூலம் எது சுருக்கம் என்று சொல்லாமல் அவரிடம் காட்டினேன். இருபதிலும் அவர் தீர்ப்பு ஒன்றாகவே இருந்தது. படத்தின் அளவு 180 கிலோபைட். பழைய 4,32,000 படங்களைச் சுருக்கச் சேவையகக் கோர்கள் எல்லாம் ஏறத்தாழ அரை நாள் முழுவேகத்தில் ஓடின. அதற்கான மின்சாரம் கால் யூனிட்டுக்கும் குறைவு. 1.5 டெராபைட் 77 ஜிகாபைட்டாக வற்றியது. இனி வரும் படங்களைக் கைப்பேசியிலேயே சுருக்கி அனுப்பும்படி செயலியையும் மாற்றினேன். பள்ளத்துப் பிரிவுகளில் அலைவரிசை ஒரு கோடுதான் இருக்கும். முன்பெல்லாம் பாதியில் அறுந்த படம் மறுபடி முதலிலிருந்து போகும். இப்போது அந்தத் தொல்லையும் போயிற்று.

இத்தனையும் முடிந்தபோது மேகக் கணிமைப் பங்கு 23 வாட்டிலிருந்து 4.3 வாட்டுக்கு இறங்கியது. ஆண்டுக்கு 37 யூனிட், 15 கிலோ. தயாரிப்புப் பங்கோடு சேர்த்து 21 கிலோ. நூறிலிருந்து இருபத்தொன்று.

இங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் இந்த அளவீட்டுக்காக, செருகியில் மாட்டும் மூன்று முள் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். மதிப்பீட்டு எண்களை எத்தனை நாள் நம்பிக்கொண்டிருப்பது, ஒன்றையாவது கண்ணால் பார்ப்போம் என்று, அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கிராணியின் மேசைக்கடியில் மாட்டினேன். அங்கே ஒரு பழைய மேசைக் கணினி, மின்தடையின்போது அதைத் தாங்கும் யுபிஎஸ் பெட்டி, பக்கத்தில் லேசர் அச்சுப்பொறி. இரவு எட்டு மணி, அலுவலகத்தில் யாரும் இல்லை, திரை அணைந்திருந்தது. மீட்டர் 72 என்று காட்டியது.

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கணினி 54 வாட். யுபிஎஸ் தனக்கென்று 11. அச்சுப்பொறி தயார் நிலையில் 7. ஆண்டு முழுதும் இப்படியே ஓடினால் 631 யூனிட். இதுவோ சிங்கப்பூர் எரிவாயு மின்சாரம் இல்லை, எங்கள் சொந்த நிலக்கரி மின்சாரம். 0.774ஆல் பெருக்கினால் 488 கிலோ. நான் ஒரு மாதமாக நூறு கிலோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு என் முழங்காலுக்கு எதிரே இரைந்துகொண்டு இருந்திருக்கிறது.

அந்தக் கணினி ஏன் இரவெல்லாம் விழித்திருக்கிறது? கிராணி அணைக்க மறந்ததால் இல்லை. அணைக்கக் கூடாது என்று மேசையில் ஒரு தாளை ஒட்டி வைத்ததே நான்தான். விடியற்காலை அறிக்கையை அச்சிட அது விழித்திருக்க வேண்டும் என்று, உறங்கும் வசதியையும் முடக்கி வைத்திருந்தேன். போதாக்குறைக்கு, ‘அறிக்கை வந்துவிட்டதா’ என்று பத்து வினாடிக்கு ஒருமுறை சேவையகத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும்படி எழுதியிருந்தேன். நாளொன்றுக்கு 8,640 கேள்விகள், அதில் ஒன்றுக்குத்தான் ‘ஆம்’ என்று பதில். மேசையில் ஒட்டிய தாளின் ஓரங்கள் மஞ்சளித்துப் போயிருந்தன.

திருத்தம் எளிதாகத்தான் தோன்றியது. மாலையில் கணினி அணைந்துவிட வேண்டும், விடியற்காலை 5.10க்குத் தானே எழுந்து, ஒரே ஒருமுறை கேட்டு, அச்சிட வேண்டும். விண்டோசின் எழுப்பும் வசதி இந்தப் பழைய பெட்டியில் மூன்று நாளில் ஒருநாள் ஏமாற்றியதால், கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸில் உள்ள கடிகார அலாரத்தை இயக்கினேன். அச்சுப்பொறியின் ஆழ்உறக்க வசதியையும் இயக்கினேன், 7 வாட் ஒன்றாகியது. இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஓர் இரவு இடி மழை. மின்சாரம் போய், யுபிஎஸ் பேட்டரி தீரும் வரை தாங்கி, அதுவும் கண்ணை மூடியது. நள்ளிரவுக்குப் பிறகு மின்சாரம் திரும்பியது. காலை 5.20க்குக் கிராணி அழைத்தார். கணினி எழவில்லை, அவரே பொத்தானை அழுத்தி எழுப்பியும் பட்டியல் வரவில்லை, பெரட்டுக்கு ஆட்கள் வந்து நிற்கிறார்கள். முந்தைய நாள் தாளைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கணினியின் மூலையில் தேதி 1.1.2012 என்று இருந்தது. தாய்ப்பலகையில் கடிகாரத்தைத் தாங்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.9. அது செத்து எத்தனை காலமோ. கணினி ஒருபோதும் மின்சாரம் இழக்காமல் ஓடிக்கொண்டே இருந்ததால், அந்தச் சாவு யாருக்கும் தெரியவில்லை. மின்சாரம் முழுதாகப் போன அன்று பயாஸ் எல்லாவற்றையும் மறந்து அலாரத்தையும் அணைத்துவிட்டது. கையால் எழுப்பியபோது இன்னொரு சிக்கல்: கணினியைப் பொறுத்தவரை அது 2012, ஆகவே என் சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. இணைப்பை மறுத்துவிட்டது. புதிய பேட்டரியின் விலை சில ரிங்கிட். பயாஸில் ‘மின்சாரம் திரும்பினால் தானே எழுந்திரு’ என்ற அமைப்பையும் இயக்கினேன். எழுந்தவுடன் முதலில் இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொண்டு அதன்பின் சேவையகத்தை அணுகும்படி நிரலை மாற்றினேன். இரவில் எழுந்துவிட்டால் அரை மணியில் மறுபடி அணைந்துகொள்ளும்.

இப்போது கணினி வேலை நாட்களில் மட்டும், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடுகிறது. 631 யூனிட் 284 ஆனது. 488 கிலோ 220 ஆனது. இந்தப் பெட்டியையே தூக்கிவிட்டுப் பத்து வாட் மினி கணினி வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், இது சாகும்போது இரண்டாங்கைப் பெட்டி ஒன்றைத் தேடுவதாக எண்ணம். அதுவரை ஓடட்டும்.

கணினி பத்து வினாடிக்கு ஒருமுறை கேட்டது என்றால், கைப்பேசிச் செயலியை எழுதியவனும் அதே ஆள்தானே. ஆறு கைப்பேசிகள், பன்னிரண்டு மணி நேரம், பத்து வினாடிக்கு ஒரு கேள்வி என்றால் நாளொன்றுக்கு 25,920. உண்மையில் அனுப்ப வேண்டிய பதிவுகள் 720. அலைவரிசை பலவீனமான இடத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் கைப்பேசியின் அலைபரப்பும் பகுதி முழு மூச்சில் கத்த வேண்டியிருக்கும். மூத்த மண்டோர் ஒருவரிடம் செயலியில் ஏதேனும் குறை உண்டா என்று கேட்டேன். "குறைன்னு இல்ல தம்பி. சட்டப் பாக்கெட்டுல வச்சா நெஞ்சுக்கு ஒத்தடம் குடுக்கிற மாதிரி இருக்கு" என்றார். எல்லா மண்டோர்களும் மதியத்துக்கு மேல் ஒரு பவர்பேங்கைக் கட்டிச் சுமந்துகொண்டு திரிந்தார்கள். அதற்கான காரணம் என் நிரலின் ஒரே ஒரு வரி. பதிவு இருந்தால் மட்டும், இருபது சேர்ந்ததும் அல்லது நல்ல அலைவரிசை கிடைத்ததும், ஒரே தடவையில் அனுப்பும்படி மாற்றினேன். இப்போது மாலை நான்கு மணிக்கும் பாதி பேட்டரிக்கு மேல் மிஞ்சுகிறது.

கைப்பேசி இழுக்கும் மின்சாரம் சொற்பம். ஆனால் அதன் கரிமத்தில் பெரும்பங்கு, அது பெட்டியைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே உமிழப்பட்டுவிடுகிறது. தயாரிப்பாளர்களின் சொந்த அறிக்கைகளைப் பார்த்தால் ஒரு கைப்பேசிக்கு 50 கிலோவும் அதற்கு மேலும் வருவது சாதாரணம். இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அலுவலக மேசையின் கீழ் இழுப்பறை நினைவுக்கு வந்தது.

2023இல் செயலியின் ஒரு நூலகத்தை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பை, புதுப்பித்தேன். அது ஆண்ட்ராய்டு 10க்குக் கீழே ஓடாது. ‘இந்தக் காலத்தில் யாரிடம் பழைய ஆண்ட்ராய்டு இருக்கும்’ என்று சாதாரணமாகக் குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்தி வெளியிட்டேன். ஆறில் நான்கு கைப்பேசிகள் மறுநாள் செயலியைத் திறக்க மறுத்தன. தோட்டம் நான்கு புதிய கைப்பேசிகளை வாங்கியது. ஒரு முறையீடுகூட வரவில்லை. கணினி சம்பந்தப்பட்டவை அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். குறைத்துக் கணக்கிட்டாலும் அந்த நான்குக்கு 200 கிலோ. நான் பெருமையோடு சுருக்கிய மேகக் கணிமையின் பழைய கணக்கில் இரண்டு முழு ஆண்டு, என் ஒரு வரி மாற்றத்தால் ஒரே வாரத்தில் போயிருக்கிறது.

இழுப்பறையில் அந்த நான்கும் ரப்பர் வளையம் போட்டுக் கிடந்தன. ஒன்றின் முதுகு பேட்டரி உப்பி வளைந்திருந்தது, அதை மின்கழிவு சேகரிப்புக்குத் தனியே எடுத்து வைத்தேன். மற்ற மூன்றும் சார்ஜ் ஏறின. எந்த நூலகம் ஆண்ட்ராய்டு 10ஐக் கேட்கிறது என்று தேடினால், அது வரைபடம் காட்டும் நூலகம். பிரிவு எல்லைகளை வரைபடத்தில் காட்டலாம் என்று நான் சேர்த்து, ஒரு மண்டோர்கூட ஒருமுறையும் திறந்து பார்க்காத பக்கம் அது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பிரிவு எல்லையைக் காட்ட நான் யார். அந்தப் பக்கத்தையும் நூலகத்தையும் நீக்கியதும் செயலி ஆண்ட்ராய்டு 7 வரை இறங்கியது, அளவும் மூன்றில் ஒன்றாயிற்று.

பழைய ஆண்ட்ராய்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை என்பது உண்மையான ஆட்சேபம். அதனால் அந்தக் கைப்பேசிகளில் தொழிலாளர் எண்ணும் குலை எண்ணிக்கையும் தவிர வேறு விவரம் எதுவும் இறங்காதபடி பிரித்தேன். சம்பளம், கடப்பிதழ், வங்கி விவரங்கள் அலுவலகக் கணினியைத் தாண்டுவதில்லை. புதிதாகத் திறந்த பிரிவுக்கு இரண்டு மண்டோர்கள் சேர்ந்தபோது புதிய கைப்பேசி வாங்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது, மாற்றாக அலுவலகத்தில் இருக்கிறது.

வேலையை நேரம் பார்த்து நகர்த்துவது பற்றியும் யோசித்தேன், தூய்மையான மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் கனமான பணிகளை ஓட்டுவது என்பது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் நாடுகளில் அது நல்ல உத்தி. சிங்கப்பூரின் எரிவாயு மின்சாரம் பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். என் அறிக்கையோ பெரட்டுக்கு முன் வந்தாக வேண்டும். விட்டுவிட்டேன்.

கைப்பேசிகளைச் சேர்க்காமல், சேவையகமும் அலுவலகமும் மட்டும் என்றால், ஓர் அடுக்குப் பதிவுக்கு 2.7 கிராமாக இருந்தது இப்போது 1.1 கிராம். இதில் எஞ்சியிருப்பவற்றைப் பட்டியலிட்டபோது, யுபிஎஸ் பெட்டியின் அந்த 11 வாட் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. ஆண்டுக்கு 96 யூனிட், 74 கிலோ. பாதிக்கு மேற்பட்ட நேரம் அணைந்து கிடக்கும் ஒரு கணினியைக் காவல் காப்பதற்கு, முழு மேகக் கணிமைப் பங்கைப்போல் மூன்றரை மடங்கு. மாலையில் அதைக் கழற்றிவிட்டு, எழுப்பும் அலாரத்துக்கு மட்டும் நேரடி மின்சாரம் கொடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கிராணி சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். செனாய் பக்கத்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "இடி விழுந்தா நீங்க வந்து கையால செக்ரோல் எழுதுவீங்களா?" என்று, ஆள் வருகைப் பதிவேட்டைச் சொல்லிக் கேட்டார். யுபிஎஸ் அப்படியே இருக்கிறது. அதன் பேட்டரி மாற்றும் காலம் வரும்போது, சும்மா இருக்கையில் குறைவாக இழுக்கும் பெட்டியா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குவதற்காக, வாட் மீட்டரை மோட்டார்சைக்கிள் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.